எட்டுத் தறியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்

2004 மார்ச் 18, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி. வெயில் கொளுத்தியது; வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் நகலெடுக்கும் பச்சைப் பட்டை பாதியில் நின்றுபோயிருந்தது. அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கல்லூரிப் புராஜெக்ட் முழுவதும் புது ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஒரு வாரமாக அது அடிக்கடி நின்று நின்று ஓடியது. செத்துப்போவதற்குள் எல்லாவற்றையும் பழைய டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். தவறினால் படிப்பு முடியாது. முடியாவிட்டால், அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன எருமப்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி சொல்லிவிடுவதென்று அம்மா தீர்மானமாக இருந்தாள்.

எனக்கு அப்போது பத்து வயது. அலுவலகத்தில் இன்று என்னைக் 'கிழவன்' என்பார்கள். எதையும் எண்ணி, எதற்கும் கவலைப்படுகிறவன். அன்றும் அப்படித்தான். அந்தப் புது டிஸ்க்கை வாங்கச் சேலம் போனபோது பஸ் கட்டணத்தைக்கூட விரல் விட்டு எண்ணிக்கொண்டு நானும் போயிருந்தேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று மெதுவானது, சத்தமில்லாதது. இன்னொன்று வேகமானது, ஆனால் இரையும். மூன்றாவது வேகமும் உண்டு, சத்தமும் இல்லை. நானூறு ரூபாய் அதிகம்.

அப்பா யோசிக்கவே இல்லை. "சத்தம் வந்தா வரட்டுங்க. எங்க ஊட்டுச் செவுத்துக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி ஓடுது. அதுக்கு மேல இது என்னத்தக் கத்தீரப் போவுது?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். நானூறு ரூபாய் மிச்சமாயிற்று.

அந்த வியாழக்கிழமை திடீரென்று கரண்டு போனது. எட்டுத் தறியும் ஓய்ந்தன. யுபிஎஸ் கீச்சிட, பச்சைப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தே நிமிடத்தில் கரண்டு வந்தது, தறிகள் இரைந்தன, பட்டை மறுபடி நின்றது.

தண்ணீர் குடிக்க வந்த அப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். எட்டில் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று திரும்பாமலே சொல்கிறவர் அவர். மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எங்கள் தறிப் பட்டறைக்குப் போய், தறிகளுக்கான மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார்.

"ஏனுங்ணா, கரண்டுதான் இருக்குதுங்களே?" என்று தறி ஓட்டும் பெண் ஒருத்தி கேட்டாள்.

"இருக்கட்டும். போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க."

பொங்கலன்றுகூடப் பாதித் தறியை ஓட்டுகிறவர் அப்பா. சற்று நேரத்தில் எங்களுக்குப் பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் ஈரோட்டு முதலாளி போன் செய்தார். பொழுது சாய்வதற்குள் துணி வந்தாக வேண்டும், லாரி காத்திருக்கிறது என்றார். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு, "கரண்டு இல்லீங்க மொதலாளி, நானென்னங்க பண்ணட்டும்?" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன்: "நானூறு ரூவா சேத்திக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்லீல்லப்பா?"

"ஆமாஞ்சாமி" என்றார். கணக்கில் அப்பாவை வென்றுவிட்டதாக மகிழ்ந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பட்டை நிறைந்தது. அக்கா மேசைமேல் தலை சாய்த்து அழுதாள். அப்பா எழுந்துபோய் மெயினை மேலே தூக்கினார்.

விலை கூடின டிஸ்க்கும் அந்த மேசையில் அப்படித்தான் திணறியிருக்கும் என்பதை, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். சத்தம் வேறு, அதிர்வு வேறு; நாங்கள் சத்தத்துக்கு மட்டுமே விலை பார்த்திருந்தோம். அடுத்த ஒரு மாதம் நான்கு தறிகள் பாவில்லாமல் வெறுமனே நின்றதை நானும் பார்த்தேன். வீட்டில் இரைச்சல் குறைந்தது நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். துணி நேரத்துக்கு வராததால் முதலாளி அந்தப் பாவை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார் என்பதும், மெயினை இறக்கும்போதே அப்பாவுக்கு அது தெரியும் என்பதும் எனக்கு எட்டவில்லை.

டிஸ்க்கில் மிச்சம் நானூறு. போன கூலி, ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.