லாரிக்கு முன்னால் எடுத்த பெண் படம்

அக்கா மகளுக்கு வரன் பார்க்கப் படம் வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் எங்கள் புது ரிக் லாரிக்குப் பூஜை போட்ட அன்று அவளை ஷெட் நிழலில் நிறுத்தினேன். பின்னால் வெயிலில் லாரி மாலையோடு நின்றது. வசதி தெரியட்டும் என்று போன் திரையில் லாரியைத் தொட்டு எடுத்து, சரிபார்க்காமலே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ராசிபுரத்திலிருந்து கூப்பிட்டார். “வண்டி அம்சமா இருக்குதுங்க. பொண்ணு எங்கீங்க?”

எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தைத் திறந்தால் லாரி நம்பர் பளிச்சென்று இருக்கிறது, அவள் முகம் கரியாக மங்கிக் கிடக்கிறது. நான் தொட்ட லாரிக்குத்தான் போன் வெளிச்சத்தைச் சரிசெய்திருக்கிறது.

“கட்டிக்கப்போறது என்னையா, லாரியையா மாமா? வெளிச்சத்துக்கு வாரேன், என்ற மூஞ்சியத் தொட்டு எடுங்க” என்று படத்தைப் பார்த்த அக்கா மகள் கத்தினாள். எடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

இப்போது யாரை எடுத்தாலும் திரையில் முதலில் அவர் கண்ணைத் தொடுகிறேன். லாரியைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.