பனியில் வைத்த இரண்டு டம்ளர்

வெள்ளனே அப்பா ஜீப்பைக் கிளப்பும்போது வரும் அந்தக் கடகட சத்தம்... கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் எங்கள் வீட்டுக்கு அதுதான் அலாரம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அது ஏன் வருகிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

ஒன்பதாவதோடு நான் படிப்பை நிறுத்திய வருடம், இஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தது. உள்ளே தேய்ந்து போயிருந்தது.

"குளிர்ல ஆயில் மேல ஏறுறதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசுதுண்ணே" என்ற மெக்கானிக், சிந்தெடிக் என்று புது வகை ஆயில் ஒரு கேன் கொடுத்துவிட்டார்.

எங்கள் மலை டிரைவர்கள் ஆயிலை விரலில் தேய்த்துத்தான் நம்புவார்கள். கெட்டியாக இருந்தால் நல்ல ஆயில். அப்பாவும் தேய்த்தார்.

"தண்ணியால்ல கெடக்கு! ஏத்தத்துல சூடேறுனா இது நிக்குமா? நாளைக்கு நம்ம எப்பவும் ஊத்துற பழைய ஆயிலே ஊத்திருவோம்."

"உங்க வெரலு சொன்னதக் கேட்டுத்தான் இஞ்சின் போச்சு" என்றாள் அம்மா. "இன்னொருக்கா போனா வண்டிய வித்துட்டு என்கூட கேரட் கழுவுற வேலைக்கு வாங்க."

அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு எதிரே நின்று பேச வராது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. சாயங்காலம் இரண்டு ஆயிலையும் தனித்தனி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாசல் சுவரில் வைத்தேன்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. டம்ளர்களைச் சாய்த்தேன். புது ஆயில் உடனே ஓடி வந்தது. பழையது... யோசித்து யோசித்து நகர்ந்தது.

பிறகு இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் வைத்துச் சாய்த்தேன். இப்போது இரண்டும் ஒரே மாதிரி ஓடின!

"அடியே, என் காப்பி டம்ளரு!"

அம்மா கத்தியதில் அப்பா வந்துவிட்டார்.

"சூடானா ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா... குளிர்லதான் பழசு எந்திரிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான் சொன்னேன். அப்பா சூட்டோடு பழைய ஆயிலைத் தொட்டு, விரலை உதறிவிட்டு, மறுபடியும் தேய்த்தார். கெட்டியைக் காணோம். புதுக் கேனைத் திறந்தார்.

இப்போது கொடைக்கானலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறேன். "என்ன பாப்பா, தண்ணியா இருக்கு?" என்று யாராவது கேட்டால், கடை வாசலில் குளிரில் பழைய ஆயில் ஒன்று, புது ஆயில் ஒன்று என்று வைத்திருக்கும் இரண்டு பாட்டில்களையும் சாய்த்துக் காட்டுவேன். பேச வேண்டியதில்லை.

வீட்டில் அந்தக் கடகட சத்தம் இல்லை. இப்போதெல்லாம் அம்மாதான் எங்களை எழுப்புகிறாள்.

தேய்மானம் நிஜமாகவே எவ்வளவு குறைந்திருக்கிறது? இஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும். ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை... பிரிக்கிற நாள் வரவே கூடாது என்றும் ஆசை.