பாரிசில இருந்து சூரிச்சுக்கு ஒண்டேகால் மணித்தியாலம்

அப்பா சூரிச்சில ஆஸ்பத்திரியில கிடந்தார். இன்னும் ஒரு கிழமை தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம் எண்டு தங்கச்சி அங்கயிருந்து அழுதுகொண்டு போன் எடுத்தாள். நான் சிட்னியில வேலைக்கு லீவு சொல்லிப்போட்டு அடுத்த நாளுக்கு டிக்கெட் எடுத்தன். இடையில ஒரு இடத்தில மாறி, போய்ச்சேர ஒரு நாள் முழுக்கச் சரி.

அண்ணா பாரிசில. அப்பாவுக்கு ஒரே ஆம்பிளைப்பிள்ளை, கொள்ளி வைக்கவேண்டியவர். அவர் "பாப்பம், பாப்பம்" எண்டு இழுத்தார். தங்கச்சியின்ர கலியாணத்துக்கும் இதே பாப்பம் தான். பாரிசும் சூரிச்சும் ஏதோ ரெண்டு அந்தத்தில கிடக்குது எண்டு நினைச்சு நானும் ஒண்டும் கேக்கேல்லை. உலக மப்பைப் பாக்கிற பழக்கம் எனக்கு எப்பவும் இல்லை.

உடுப்பு அடுக்கேக்க, பாரிசில இருந்து சூரிச்சுக்குப் பிளேனில எவ்வளவு நேரம் எண்டு சும்மா போனில தட்டிப் பாத்தன். ஒண்டேகால் மணித்தியாலம். பிழையாக்கும் எண்டு திரும்பத் தட்டினாலும் அதே ஒண்டேகால். என்ர மனுசன் காலமை மெல்பேர்ணுக்குப் பறந்து, மீற்றிங் முடிச்சு, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்திடுவார். அதைவிடக் கிட்ட. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு அண்ணாவுக்கு எடுத்தன்.

"நீங்கள் ஒரு மனுசனோ? நான் உலகத்தின்ர அடியில இருந்து வாறன். உங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் பிளேன் இறங்கிடும். நானே டிக்கெட் போடுறன், பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ."

அண்ணா குரலைத் தணிச்சுச் சொன்னார்.

"பாஸ்போட் இல்லைப் பிள்ளை. எனக்கு இங்க வதிவிடக் காட்டே தரேல்லை. அகதிக் கேஸ் ரெண்டு தரமும் விழுந்திட்டுது. களவா ஒரு ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவுறன். பஸ்ஸில வந்தாலும் வழியில பிடிச்சால் நேர கொழும்பு தான்."

"இருபது வருசமாவோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர கலியாணம் பேசேக்க மாப்பிள்ளை வீட்டார் தமையன் என்ன மாதிரி எண்டு கேட்டவை. காட் எடுத்திட்டான் எண்டு அப்பா சொல்லிப்போட்டார். எடுத்திடலாம் எண்டு தான் நானும் நினைச்சனான். பிறகு எந்த முகத்தோட மாத்திச் சொல்லுறது? உனக்குச் சொன்னால் உன்ர வாய் நிக்காது எண்டு அப்பா சொன்னவர்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் எண்டு எங்கட ஆக்கள் சிரிச்சுச் சொல்லுவினம். நானும் எத்தனை தரம் சொல்லிச் சிரிச்சிருக்கிறன். என்ர கலியாணத்துக்குச் சொன்ன பொய்யை அண்ணா தனியச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் அவரை மனுசனோ எண்டு கேட்டுப்போட்டன்.

"அழாதை. கொள்ளியை அங்க இருக்கிற மருமோன், தங்கச்சியின்ர மனுசன் வைக்கட்டும்" எண்டு சொல்லி அவர் போனை வச்சிட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியில வந்தன். ஹோலில என்ர மனுசனும், பக்கத்துக் கதிரையில மாமியும் இருந்தவை. அண்டைக்குப் பெண் பாக்க வந்து, தமையன் என்ன மாதிரி எண்டு கேட்டது இந்த மாமி தான்.

"என்னவாம், உம்மட அண்ணர் போறாராமோ?" எண்டு மனுசன் கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தனான்.

"அவருக்கு மனமில்லையாம்" எண்டன்.

"பெத்த தகப்பனைப் பாக்க மனமில்லாத பிள்ளை" எண்டு மாமி தலையை ஆட்டினா. நான் மிச்ச உடுப்பை அடுக்க உள்ளுக்குப் போனன்.