வாணி விழாவில் ஓடிய மனிதர்

வயதுக் குறி ஒட்டப்படாத வீடியோ விளையாட்டைப் பொது இடத்தில் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது என்று ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆறு, பன்னிரண்டு, பதினாறு என்று ஏதாவது ஓர் எண் அதன்மேல் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் அது வளர்ந்தவர்களுக்கானது என்றே கொள்ளப்படும். மாமா பழைய பொருள் சந்தையில் வாங்கி வந்த விளையாட்டுக் கசற்றின் மேல் இருந்தது ஒரு வாழைப்பழ ஸ்டிக்கர் மட்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. எசன் நகரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய அகதி வழக்கு பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க அனுமதி இருந்தது, அதையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ஆகவே சந்தை சந்தையாகத் திரிந்தார். அப்படி ஒருநாள் எண்பதுகளின் விளையாட்டுப் பெட்டி ஒன்றையும், அட்டைப்பெட்டி நிறையக் கசற்றுகளையும் கொண்டுவந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாணி விழாவன்று அன்பளிப்பாகக் கொடுப்பது அவர் எண்ணம்.

விழா தேவாலய மண்டபத்தில் நடந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் எங்கள் புத்தகங்களும் வயலின்களும் அடுக்கப்பட்டிருந்தன. மாமா தன் பெட்டியையும் அவற்றோடு வைத்தார். ஐயரும் மறுபேச்சில்லாமல் அதற்குக் குங்குமம் வைத்தார். பூசை முடிந்ததும் கையில் முதலில் அகப்பட்ட கசற்றைச் செருகி மாமா டிவியைப் போட்டார்.

நான் அப்போது கடலை வாங்கும் வரிசையில் நின்றேன். சங்கீத ரீச்சர் ஓடிப்போய் டிவியின் மேல் தன் சால்வையைப் போர்த்ததுதான் நான் கண்ட காட்சி. சால்வைக்குள்ளிருந்து கீ கீ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அம்மாளுக்கு முன்னால இந்த அசிங்கச் சீலம்பாயோ!" என்று ஒரு பிள்ளையின் தகப்பன் கத்தினார். "நான் பொலிசுக்குப் போறன்!"

பொலிஸ் என்றதும் மாமா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தின் தலைவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலை பார்த்த இலிகிதர். ஒரு குற்றத்தை மற்றவன் எழுத முதல் நாமே எழுதி அனுப்பிவிட்டால் அது குற்றமில்லை, தகவல் என்பது அவர் அங்கே கற்ற பாடம். தகவலென்றால் உள்ளடக்கம் தெரிய வேண்டும். அதற்காக நிர்வாகக் குழு ஆண்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். பரிசீலனை நீண்டது. "இன்னொருக்காப் போடுங்கோ, வடிவாத் தெரியேல்லை" என்று ஒரு குரல் வெளியே கேட்டது. அது பொலிசுக்குப் போவதாகச் சொன்னவரின் குரல்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் சிறுவர் நல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப்பட்டது. எங்கள் ஊர்ச் சனத்திடம் ஒரு வழக்கம் இருந்தது: தொழிற்சாலைக்கு வேண்டிய ஜெர்மன் மொழி பெரியவர்களிடம் இருக்கும், அலுவலகத்துக்கு வேண்டியது பிள்ளைகளிடம் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த விளையாட்டை நான் பார்ப்பதைச் சட்டம் தடுத்தது. பார்க்காமலே அதை விவரித்து எழுதுவதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை.

"உடுப்பில்லாத ஒரு ஆள் ஓடுறார். அப்பிடி எழுது" என்றார் பெரியப்பா.

"ஏன் ஓடுறார்?"

"அது அவையளுக்குத் தேவையில்லை."

"காரணம் எழுதாட்டி எங்கட ரீச்சர் புள்ளி வெட்டுவா, பெரியப்பா."

"பிள்ளையக் கொண்டு இதை எழுதுவிக்க உங்களுக்கு வெக்கமில்லையோ அண்ணை?" என்று அம்மா குசினியில் சமைத்தபடி கேட்டார்.

"அப்ப நீர் வந்து எழுதுமன்."

அம்மா வரவில்லை. நானே ஒரு காரணத்தைத் தேர்ந்தேன்: அவருக்கு பஸ் போய்விட்டது, குளித்துக்கொண்டிருந்தபடியே ஓடுகிறார். பெரியப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை, ஓரம் விட்டு எழுதியிருக்கிறேனா என்று மட்டும் பார்த்தார்.

"அண்ணை, என்ர பேரைப் போடத்தான் வேணுமோ?" என்று மாமா மெல்லக் கேட்டார்.

"வாங்கினது நீர்தானே தம்பி? பேரில்லாக் கடிதத்துக்குப் பதில் வராது."

"பதில் வராட்டி நல்லதெல்லோ?"

பெரியப்பா பேனாவை நீட்டினார். மாமா கையெழுத்துப் போட்டார். கசற்றையும் சேர்த்துக் கட்டி, வாழைப்பழ ஸ்டிக்கரோடு, சிறுவர் நல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அதன் பிறகு மாமா ஒரு சின்னப் பையில் உடுப்புகளை அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். எங்கோ உல்லாசப் பயணம் போகப்போகிறார், என்னைக் கூட்டிப்போக விருப்பமில்லை என்று முடிவுகட்டி, சில நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். தபால்காரர் மணி அடிக்கும் போதெல்லாம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பதும் எனக்கு விளங்கவில்லை. மாமா சந்தைக்குப் போவதையும் விட்டிருந்தார்.

பதில் வந்தபோது நான்தான் உடைத்து வாசித்தேன். தகவலுக்கு நன்றி. விளையாட்டு சட்டத்தைவிட மூத்தது. மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. இனிமேல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கசற் திருப்பி அனுப்பப்படுகிறது.

"முதல் வரியைத் திரும்ப வாசி" என்றார் மாமா.

"மதிப்புக்குரிய ஐயா, உங்களுக்கு எங்கள் நன்றி."

"இன்னொருக்கா."

மாமாவுக்கு ஜெர்மன் இவ்வளவு மோசமா என்று அலுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தேன். அவர் கதவுக்குப் பின்னால் இருந்த பையைத் தூக்கிவந்து, உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைக்கத் தொடங்கினார். பயணம் நின்றுபோனதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்கு ஏன் அம்மா அழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

அவருக்கு வந்த அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்தது நான்தான். அவற்றில் ஒன்றாவது அதற்கு முன் அவருக்கு நன்றி சொல்லியிருந்ததா என்று அப்போது எனக்கு எண்ணிப்பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கடிதம் வந்த நாள் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது: கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள், ஒரு வெள்ளிக்கிழமை.