காஞ்சிபுரத்தில் எடுக்காத போட்டோ

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். பேத்தி இந்தத் தாளைப் படம் பிடித்து நெட்டில் போடுகிறாள்.

இன்று அவளுக்கு நிச்சயதார்த்த போட்டோ. காஞ்சிபுரத்துப் பழைய கோயில் வீதிகளில் எடுக்க ஏற்பாடு. மாப்பிள்ளை சென்னையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். நாளையிலிருந்து அவருக்கு லீவு இல்லை.

உளுந்தூர்பேட்டையில் எங்கள் வேன் நின்றது. சாலை மறியல்.

முன்வரிசையில் ஒருவர் அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தார். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "இட ஒதுக்கீடு." படித்துவிட்ட சந்தோஷத்தில் ஆளைப் பார்த்தால், மாப்பிள்ளையின் அப்பா!

பேத்தி இறங்கி ஓடினாள். "இன்னா மாமா இது? உங்க புள்ள அங்க காத்துக்கினு இருக்காரு!"

"உனக்குப் பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் சேத்துத்தாம்மா ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றார்.

அவள் திரும்பி வந்து வேனில் ஏறிக்கொண்டாள்.

மறியல் முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. "வெளிச்சம் போச்சுங்க, திரும்பிடுங்க" என்று போட்டோக்காரர் போனில் சொல்லிவிட்டார்.

போராட்டம் நியாயம்தான். ஆனால் போட்டோவுக்கு இந்த நாளைக் குறித்துக் கொடுத்ததே சம்பந்திதான். அவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.