வெறி இல்லாத வீடு

என் கணவர் இரத்தமாக வாந்தியெடுத்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தப் புத்தகம் எங்களுக்குக் கிடைத்தது. குடியை விடுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். அங்கே குடிகாரருக்கு ஆலோசனை சொல்லும் மிஸ், "நீங்களே அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ அக்கா" என்று என்னிடம் தந்தார். என் கணவருக்கு ஒரு கண் யுத்தத்தில் போய்விட்டது. மற்றக் கண்ணுக்குச் சின்ன எழுத்துப் பிடிபடாது.

எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்குத் திரும்பியதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். நான் சமைக்கிற குசினி வாசற்படியில், அவர் கதிரையில். முதல் கிழமை குடி இல்லாமல் அவருக்குக் கோப்பை பிடிக்க முடியவில்லை, தேத்தண்ணியைக்கூட நான்தான் பருக்கினேன். இந்தியாவில் அச்சான புத்தகம். குடிக்க மனம் வந்தால் பூங்காவில் நடந்துவிட்டு வாருங்கள், நல்ல நண்பர் ஒருவரை அழைத்துப் பேசுங்கள் என்று இருந்தது.

"ஆரைக் கூப்பிடுறது?" என்றார் அவர். "இருக்கிறவங்கள் எல்லாம் கசிப்புக் குடிக்கிறாங்கள். குடிக்காதவங்கள் செத்துப் போட்டாங்கள்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

முதன்முதலாக ஏன் குடித்தீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு பகுதி வந்தது. "காணும், புத்தகத்தை மூடு" என்று எழும்பிப் போய்விட்டார்.

ஆனால் குடியை விட்டார். மாரிக் காலபோக நெல்லுக்குத் தானே தண்ணீர் கட்டினார். கொழும்பில் வேலை செய்யும் மகன் பொங்கலுக்கு வந்து, தகப்பனோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட்டான். அயல்சனம் என்னைப் பாக்கியசாலி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அறுவடை முடிந்த பிறகு ஒரு மத்தியானம், "இஞ்சேர், அண்டைக்கு விட்ட பகுதியை வாசி" என்றார். வாசித்தேன். அவர் முற்றத்தைப் பார்த்தபடி, யுத்தத்தில் செத்துப்போன எங்கள் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் நான் காயப்பட்டு, காயக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கப்பலில் ஏற்றப்பட்டேன். பிள்ளைகள் இருவரும் அவரோடு நின்றார்கள். பிறகு முகாமில் அவரைச் சந்தித்தபோது மகன் மட்டும் கூட இருந்தான். செல் குண்டு விழுந்து மகள் அந்த இடத்திலேயே செத்துவிட்டாள், உடுத்திருந்த சாரத்தால் சுற்றி ஒரு பனையடியில் அடக்கம் செய்தேன் என்றார். இத்தனை காலமும் அந்தப் பனையை நினைத்துத்தான் நான் ஆறியிருந்தேன்.

"அடக்கம் செய்யேல்லை" என்றார் இப்போது. "பிள்ளைக்கு உயிர் இருந்தது. தண்ணி கேட்டவள். அதுக்குள்ளை அடுத்த செல் விழுந்திட்டுது. நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். திரும்பிப் போய்ப் பாக்கேக்கை அந்த இடத்திலை ஒண்டுமே இல்லை."

குடிவெறியில் அவர் எத்தனையோ தரம் "தண்ணி குடுங்கோடா" என்று குழறியிருக்கிறார். சாராயம் கேட்கிறார் என்று எண்ணி நான் திட்டியிருக்கிறேன்.

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். இந்த மனுசன் திரும்பவும் குடித்தால் நல்லது, இதையெல்லாம் வெறிக்கதை என்று தள்ளிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பொழுதுபடும் நேரம் அவர் சைக்கிளை எடுத்தபோது நான் தடுக்கவில்லை. போனவர் மாட்டுக்குப் புல்லுக்கட்டோடு வந்து சேர்ந்தார். அன்றும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

இப்போது மாலையானால் அவர் முற்றத்தில் இருக்கிறார், நான் குசினிக்குள் இருக்கிறேன். சாப்பாடு, தண்ணீர், மாடு, வயல் என்று தேவைக்கு மட்டும் கதைக்கிறோம். மிஸ் இரண்டாவதாக ஒரு புத்தகம் தந்தார். குடியை விட்ட பிறகு வாழ்வது பற்றியதாம். அதை இன்னும் திறக்கவில்லை.

போன மாதம் கண்டாவளையில், குடிகாரரின் மனைவிமார் கூடும் கூட்டம் ஒன்றுக்கு மிஸ் என்னைக் கதைக்கக் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெட்டை, கன்னத்தில் வீக்கம், எழும்பி நின்று கேட்டாள்: "குடியை விட்டா எல்லாம் சரிவருமோ அக்கா?"

மிஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"அடி விழுறது நிண்டுபோகும், பிள்ளை" என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது போல, தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் இருந்துகொண்டாள்.