போர்வெல் காந்தமும் பள்ளிக்கூடத்துப் பீரோவும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனாலோ என்னவோ, பள்ளிக்கூடத்திலிருந்து எதைக் கேட்டு வந்தாலும் எனக்குப் பயம். கேட்டதைக் கொடுத்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைப்பேன். கொடுத்த பிறகுதான் பெரிய பயமே ஆரம்பிக்கும்.

என் மகள் ஆறாவது படிக்கிறாள். வகுப்பறையில் என்னென்ன தொந்தரவு என்று பிள்ளைகளே கண்டுபிடித்து, காந்தத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று அறிவியல் டீச்சர் வேலை கொடுத்திருந்தார். ஒரு குழு டஸ்டரில் காந்தம் ஒட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டது. ஒருவன் தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்குவதற்காகச் செருப்புக்கடியில் காந்தம் கட்டிக்கொண்டு நடந்தான். ஊரில் இருந்த ஆணியெல்லாம் வகுப்புக்குள் வந்து சேர்ந்தது. என் மகளின் குழுவுக்கு வாய்த்தது இரும்பு பீரோ. அதன் இரண்டு கதவும் சேர்ந்து நிற்காது. பாடம் நடக்கும்போது முனகிக்கொண்டே தானாகத் திறக்கும். அத்தனை பிள்ளைகளும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பிள்ளைகள் முதலில் வைத்துப் பார்த்த பழைய ஸ்பீக்கர் காந்தத்துக்கு அது மசியவில்லை.

"அப்பா, உங்க ஸ்டோர்ல பெரிய காந்தம் இருக்குதுன்னு சொன்னீங்கல்ல?"

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் நான் ஸ்டோர் பார்க்கிறேன். போர் போடும்போது பாறையைக் குடைகிற பிட் உடைந்து குழிக்குள் விழுந்தால், கயிற்றில் கட்டி இறக்கி அதைத் தூக்குவதற்கென்று ஒரு காந்தம் இருக்கிறது. தூக்குச்சட்டி அளவுதான். ஆனால் மரப்பெட்டியை விட்டு வெளியே எடுக்க நான் துணிந்ததில்லை. ஓனரிடம் கேட்டேன்.

"கொழந்த படிப்புக்குத்தானப்பா, கொண்டு போ. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போவுது?"

அவர் அப்படிச் சொன்னதும் பெட்டிக்கு இன்னொரு கயிறு போட்டுக் கட்டினேன்.

மறுநாள் காலையில் பெட்டியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்குள் ஓனர் கூப்பிட்டுவிட்டார். கர்நாடகாவில் போர் போட்டுக்கொண்டிருந்த எங்கள் வண்டிக்குப் பிட் உடைந்து குழிக்குள் விழுந்துவிட்டதாம். அதை எடுத்துத் தராமல் வண்டி நகரக்கூடாது என்று தோட்டத்துக்காரர் ரிக்குக்கு முன்னால் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டாராம்.

"சாயங்காலம் ஆறு மணிக்குச் சாமான் லாரி கெளம்புது. காந்தம் அதுல இருக்கோணும். இல்லீன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். காந்தம் பீரோவின் இரண்டு கதவுக்கும் நடுவில், ரெண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இனி தெறக்கவே தெறக்காதுங்ப்பா!" என்றாள் மகள், பெருமையாக.

"தெறக்கத்தாங்க மாட்டேங்குது. என் டிபன் பாக்ஸ் உள்ள இருக்குது" என்றார் டீச்சர்.

நாலு பேர் சேர்ந்து காந்தத்தை இழுத்தோம். பீரோ எங்களோடு நடந்து வந்தது. பள்ளிக்கூடம் கூட்டுகிற அக்கா ஒரு சுத்தியல் கொண்டுவந்து காந்தத்தின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டார். சுத்தியல் திரும்பி வரவில்லை. சுத்தியலை நெம்ப சத்துணவுக்காரம்மா கடப்பாரையோடு வந்தார். கடப்பாரையும் ஒட்டிக்கொண்டது.

"இனி ஆரும் இரும்பு எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாது!" என்று கத்திய ஹெட்மாஸ்டர், தன் பெல்ட் பக்கிளைக் கையால் மறைத்தபடி நாலடி பின்னால் போய் நின்றார்.

செருப்பில் காந்தம் கட்டியவன் கையைத் தூக்கினான். "சார், இதவிடப் பெரிய காந்தம் கொண்டாந்தா அது இதை இழுத்துக்கும் சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மகள்தான் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "காந்தத்தை எதுக்குங் சார் கழட்டறீங்க? கதவைக் கழட்டலாம்ல? கீலு ஏற்கெனவே ஆடிக்கிட்டுத்தான இருக்குது?"

ஆடிக்கொண்டிருந்த கீல்கள் தூக்கியதும் விட்டுவிட்டன. இரண்டு கதவு, நடுவில் காந்தம், அதன்மேல் சுத்தியல், கடப்பாரை எல்லாம் ஒரே பொருளாகக் கையோடு வந்தன. டீச்சர் முதலில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார்.

ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து அத்தனையும் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வழியில் எதன்மேலாவது போய் ஒட்டிக்கொள்ளுமோ என்று புதுக் கவலை.

"அண்ணா, லாரி பக்கத்துல போவாதீங்க."

"திருச்செங்கோட்டு ரோட்டுல லாரி இல்லாத எடம் எங்கீங்க இருக்குது?" என்றார் ஆட்டோக்காரர்.

நாங்கள் ஓனரின் வண்டிகள் நிற்கும் யார்டுக்குள் நுழைந்தபோது சாமான் லாரி உறுமிக்கொண்டு நின்றது. காந்தத்தைப் பிரிக்க நேரமில்லை என்று ஓனரிடம் எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறக்கினோம். இறக்கிய கையோடு, கடப்பாரை முனை முதலில் போக, மொத்தமும் 'டம்' என்று லாரியின் பக்கத் தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

"அதுவே ஏறிக்கிச்சுங்க" என்றார் லாரி டிரைவர்.

ஓனர் கதவுகளைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லாரில இருக்கோணும்னு சொன்னேன். இருக்குது. எடுப்பா வண்டிய."

என் வேலை தப்பியது. மறுநாள் கர்நாடகாவில் மரக்கட்டைகளைக் கொடுத்து நெம்பிக் காந்தத்தைப் பிரித்து, பிட்டையும் தூக்கிவிட்டார்கள். தோட்டத்துக்காரர் கட்டிலை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ரிக் அடுத்த ஊருக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. கூடவே பீரோக் கதவுகளும். ரிக் வண்டி ஒருமுறை வெளியே போனால் ஊர் திரும்ப மாசக்கணக்காகும் என்பதை ஹெட்மாஸ்டருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை எங்கே பார்த்தாலும், "ஏனுங்க, கதவு எப்பங்க வரும்?" என்கிறார்.

அவர் கேட்கும்போதெல்லாம் நான் ரிக்கில் வேலை செய்யும் பையனுக்குப் போன் போடுகிறேன்.

"தம்பி, கதவு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்ண்ணா. நேத்து ஒரே காத்து. அடுப்புக்கு மறைப்பா வெச்சுத்தான் சோறாக்குனோம்."

"மழையில நனைய உட்றாதீங்க, துரு புடிச்சிரும்."

"தொடச்சுத்தாங்ண்ணா வெக்கறோம்."

"சுத்தியலு?"

"அதுல ஒண்ணும் கொறையில்லீங்ண்ணா."

"கடப்பாரை?"

அந்தப் பக்கம் ரிக் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அண்ணா, இங்க டவர் சரியாக் கெடைக்கலீங்ண்ணா."